எட்டு நிப்பிளில் ஆறு: கிரீஸ் அடித்த பிறகு இடிக்கத் தொடங்கிய ஒரு ஃபோர் வீல் டிரைவ்

புகார்

வண்டி, சேஸி தனி, பாடி தனி என்று கட்டிய ரகம். டீசல், மேனுவல் கியர், சஸ்பென்ஷன் 50 மி.மீ. உயர்த்தப்பட்டது. சாதாரணமாகப் பின்சக்கர ஓட்டம். தேவைப்பட்டால் கம்பியை இழுத்து முன்சக்கரங்களையும் சேர்த்துக்கொள்ளலாம். முன்சக்கரங்களை ஓட்ட அமைப்பிலிருந்து விடுவிக்கும் ஃப்ரீ வீல் ஹப் இல்லை. அதனால் பின்சக்கர ஓட்டத்தில் இருந்தாலும் முன் ஷாஃப்ட் (ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு) சக்கரத்தோடு சேர்ந்து சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும். இது பின்னால் முக்கியமாகும்.

ஆக்சில் முழுகும் அளவுத் தண்ணீரில் இறங்கி ஏறி மூன்று வாரம் ஆனபின், 20 முதல் 30 கி.மீ. வேகத்தில் அடியிலிருந்து ‘கீச் கீச்’ என்று சத்தம் வர ஆரம்பித்தது. வேகம் கூடினால் சத்தமும் நெருங்கி வந்தது. கிளச்சை மிதித்தாலும் நிற்கவில்லை. உரிமையாளர் வீட்டிலேயே வண்டியைத் தூக்கி நிறுத்தி, கண்ணில் பட்ட நிப்பிள்களில் (கிரீஸை உள்ளே செலுத்தும் சின்ன வாய்களில்) எல்லாம் கிரீஸ் அடித்தார். மொத்தம் ஆறு.

அதன்பிறகு புகார் ஒன்றிலிருந்து மூன்றானது. கீச் சத்தம் குறைந்ததே தவிரப் போகவில்லை. வேகத்தடையில் பின்சக்கரம் ஏறும்போதெல்லாம் தரைக்கு அடியில் சம்மட்டியால் அடித்தாற்போல ‘தட்’ என்று ஓர் இடி. இது முன்பு இல்லாதது. 65-லிருந்து 75 கி.மீ.க்குள் சீட்டிலும் தரையிலும் ஓர் அதிர்வு. இது முன்பே லேசாக இருந்திருக்க வேண்டும், இப்போதுதான் கவனத்துக்கு வந்தது. கிரீஸ் அடித்ததால்தான் வண்டி கெட்டது என்பது உரிமையாளரின் முடிவு. மூன்றில் ஒரு பங்கு உண்மை.

எத்தனை நிப்பிள்?

கிரீஸ் கன்னைக் கையில் எடுக்கும் முன் செய்ய வேண்டிய வேலை எண்ணுவது. பின் ஷாஃப்டில் இரண்டு யு.ஜே. கிராஸ் (கோணத்தில் வளைந்தபடியே சுழற்சியைக் கடத்தும் யுனிவர்சல் ஜாயிண்டின் சிலுவைத் துண்டு), நடுவில் நீண்டு சுருங்கும் ஸ்லிப் யோக். ஆக மூன்று நிப்பிள். முன் ஷாஃப்ட் கொஞ்சம் சிக்கல். ஆக்சில் பக்கம் ஒரு கிராஸ், ஸ்லிப் ஒன்று. ஓட்டத்தை முன், பின் ஷாஃப்டுகளுக்குக் கொடுக்கும் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் பக்கத்தில் டபுள் கார்டன் ஜாயிண்ட்: இரண்டு கிராஸும், அவை இரண்டின் கோணத்தையும் சமமாகப் பிடித்து வைக்கும் நடு உருண்டையும். இந்த உருண்டைக்கும் தனி நிப்பிள் உண்டு. ஆக ஐந்து. இரண்டு ஷாஃப்டும் சேர்த்து எட்டு.

விடுபட்ட இரண்டும் டபுள் கார்டன் ஜாயிண்டில் இருந்தன. ஒரு கிராஸின் நிப்பிள் நடு யோக்கின் (கிராஸைப் பிடிக்கும் கவையின்) உட்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தது. ஷாஃப்டை அரைச் சுற்றுத் திருப்பினால்தான் கண்ணில் படும். நடு உருண்டையின் நிப்பிள் இன்னும் மோசம். அது மற்ற நிப்பிள்போலத் துருத்திக்கொண்டு நிற்காது. சமதளத்தில் ஒரு சின்னக் குழி, நடுவில் ஒரு பந்து, அவ்வளவுதான். கிரீஸ் கன்னின் வாயில் இருக்கும் சாதாரண கப்ளர் அதைக் கவ்வாது. ஊசிபோன்ற கூர்முனை அடாப்டரை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் அடிக்க வேண்டும். இந்த அடாப்டர் இல்லாதவர்கள் பெரும்பாலும் அந்தக் குழியை நிப்பிள் என்றே எண்ணுவதில்லை.

எல்லா வண்டியிலும் எட்டு இருக்காது. சிலவற்றில் நிப்பிளே இல்லாத, ஆயுளுக்கும் சீல் செய்த கிராஸ் இருக்கும். உள்ளே கிரீஸ் போக ஓட்டை துளைக்காததால் அந்தக் கிராஸ் சற்று வலுவானதும்கூட. அதில் துளைபோட்டு நிப்பிள் மாட்டும் யோசனை வேண்டாம். சிலவற்றில் நிப்பிள் இருக்க வேண்டிய இடத்தில் சின்ன ஸ்க்ரூ ஒன்று மூடியாக இருக்கும். அதைக் கழற்றி நிப்பிள் போட்டுக்கொள்ளலாம். திரெட்டைச் சரிபார்க்க வேண்டும்: எம்6-க்கு 1 மி.மீ. பிட்ச் நிப்பிளும், கால் அங்குல விட்டத்தில் அங்குலத்துக்கு 28 திரெட் உள்ள நிப்பிளும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், முதல் இரண்டு சுற்று ஏறவும் செய்யும். அதற்குமேல் இறுக்கினால் கிராஸின் திரெட் போய்விடும்.

கிராஸ் ஏன் ஓரிடத்தில் மட்டும் வறண்டுபோகிறது

யு.ஜே. கிராஸுக்கு நான்கு கை. ஒவ்வொரு கையின்மேலும் ஒரு கப், கப்புக்குள் வரிசையாக ஊசி ரோலர்கள், வாயில் ரப்பர் சீல். சக்கர பேரிங்கைப்போல இந்த ஊசிகள் முழுவட்டம் சுற்றுவதில்லை. ஷாஃப்ட் ஒருமுறை சுற்றும்போது கப் தன் கையின்மேல் முன்னும் பின்னும் ஆடுகிறது, அவ்வளவுதான். ஜாயிண்டின் கோணம் 5 டிகிரி, கையின் விட்டம் 16 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், ஆட்டம் பக்கத்துக்கு 0.7 மி.மீ. ஊசி உருள்வது அதிலும் பாதி. ஒவ்வோர் ஊசியும் வாழ்நாள் முழுக்கத் தன் காலடியில் உள்ள முடியளவு இடத்தையே தேய்த்துக்கொண்டிருக்கிறது. அங்கிருந்த கிரீஸ் ஒருமுறை ஒதுங்கிவிட்டால், பக்கத்தில் கிரீஸ் நிறைய இருந்தாலும் தானாகத் திரும்பி வராது. வெளியிலிருந்து அழுத்தித் தள்ளினால்தான் வரும்.

அங்கே தண்ணீரும் போய்விட்டால் துரு பிடிக்கிறது. துருத்தூள் சாணைப்பொடிபோல வேலை செய்கிறது. கொஞ்ச நாளில் கையின்மேல் ஊசியளவு ஊசியளவாகக் கோடு விழுகிறது. பிறகு ஊசிகள் அந்தக் கோட்டிலேயே விழுந்து விழுந்து எழும். வெளியே தெரிவது கப்பின் வாயைச் சுற்றி செம்மண் நிறப் பொடி. அந்தப் பொடியைப் பார்த்த பிறகு கிரீஸ் அடிப்பது, சொத்தை விழுந்த பல்லைத் துலக்குவதற்குச் சமம்.

சக்கரங்களுக்குக் கட்டை, ஆக்சிலுக்கு ஸ்டாண்டு

இந்த வண்டியில் ‘தட்’ சத்தத்துக்குக் காரணம் கிரீஸ் கன் அல்ல, ஜாக்கி வைத்த இடம் என்று சொன்னால் முதலில் யாரும் நம்பமாட்டார்கள். உரிமையாளர் சேஸிக்கு அடியில் ஸ்டாண்டு வைத்துத் தூக்கியிருந்தார். ஆக்சில் கீழே தொங்கியது. பின் ஷாஃப்ட் தன் அதிகபட்ச நீளத்துக்கு இழுபட்டு நின்றது.

ஸ்லிப் யோக்கின் உள்ளே, ஸ்ப்ளைன் (நீளவாக்கில் பல் வெட்டிய தண்டு) முனைக்கும் யோக்கின் அடிமூடிக்கும் இடையில் ஒரு வெற்றிடம் உண்டு. ஷாஃப்ட் சுருங்கும்போது ஸ்ப்ளைன் முனை அந்த இடத்துக்குள்தான் நகர வேண்டும். ஆக்சில் தொங்கும்போது அந்த இடம் ஆகப் பெரிதாக இருக்கும். உரிமையாளர் ‘கிரீஸ் வெளியே வரும்வரை’ அடித்தார். அவர் கணக்குப்படி நாற்பதுக்கும் மேல் தடவை. வெற்றிடம் நிறைந்து, ஸ்ப்ளைன் வழியே ஊர்ந்து, தூசி சீலில் கிரீஸ் எட்டிப்பார்த்ததும் நிறுத்தினார். பிறகு வண்டியை இறக்கினார்.

கணக்குப் போட்டால் விளங்கும். ஸ்ப்ளைன் விட்டம் சுமார் 35 மி.மீ.; குறுக்குப் பரப்பு 9.6 ச.செ.மீ. ஷாஃப்ட் 30 மி.மீ. சுருங்க வேண்டுமானால் 29 கன செ.மீ. கிரீஸ், அதாவது ஏறத்தாழ 26 கிராம், வெளியேறியாக வேண்டும். போவதற்கு இருக்கும் ஒரே வழி ஸ்ப்ளைன் பற்களின் இடுக்கு. வண்டியை மெதுவாக இறக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துவிட்டது. ஆனால் சக்கரம் வேகத்தடையில் ஏறும்போது ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடைக்காது. கிரீஸ் அழுந்தாத பொருள். அந்தக் கணத்தில் ஸ்லிப் யோக் ஸ்லிப் ஆகாது. இரும்புத் தடி ஒன்று ஆக்சிலின் பினியனையும் (ஷாஃப்ட் திருப்பும் சின்னப் பல்சக்கரத்தையும்) ட்ரான்ஸ்ஃபர் கேஸ் பேரிங்கையும் இரு பக்கமும் முட்டித் தள்ளுகிறது. அதுதான் ‘தட்’.

பின் ஷாஃப்டின் பினியன் பக்க ஃபிளாஞ்சை (போல்ட் போட்டு இணைக்கும் தட்டை) கழற்றிப் பார்த்தபோது இது உறுதியானது. நல்ல ஸ்லிப்பைக் கையாலேயே தள்ளிச் சுருக்கலாம். இது அசையவில்லை. கண்ணாடி மாட்டிக்கொண்டு, முகத்தை ஒதுக்கி வைத்து ஸ்லிப் நிப்பிளை மெதுவாகத் திருகியதும் கிரீஸ் புழுபோல நெளிந்து வந்தது. ஷாஃப்டின்மேல் உடம்புப் பாரத்தைப் போட்டு அழுத்த, கடைசியில் 30 கிராம் அளவுக்கு வெளியேறிய பிறகு வழக்கம்போல நகர்ந்தது. அடிமூடி வீங்கவில்லை, பிதுங்கவில்லை, அது அதிர்ஷ்டம். ஓடஓடத் தானாகக் கசிந்து சரியாகிவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. சரியாகவும் கூடும். அதுவரை விலை கொடுப்பது பினியன் பேரிங்.

ஆகவே ஸ்டாண்டு வைக்க வேண்டியது ஆக்சிலுக்கு அடியில். வண்டியின் பாரம் ஸ்பிரிங்கின்மேல் இருக்கும். ஷாஃப்டும் சாலையில் ஓடும் நீளத்தில் இருக்கும். உயரமான வண்டிகளில் தூக்காமலேயே சமதரையில் அடியில் படுத்துச் செய்யலாம். ஆனால் ஷாஃப்டைத் திருப்ப வண்டியை முன்னே பின்னே நகர்த்த வேண்டியிருக்கும்.

இங்கே உயிர் போகும் விஷயம் ஒன்று உண்டு. ஷாஃப்டைக் கையால் திருப்ப, ஒரு பின்சக்கரத்தைத் தூக்கிவிட்டு கியரை நியூட்ரலில் போடுவார்கள். ஒரு சக்கரம் தரையை விட்டதும் டிஃபரன்ஷியல் வழியாகக் கியர் தரும் பிடி போய்விடுகிறது. ஆட்டோமேட்டிக் வண்டியின் ‘பி’ நிலையும் கியர்பாக்ஸைத்தான் பூட்டும். பின் ஷாஃப்டைக் கழற்றினால் அந்தப் பூட்டுக்கும் பின்சக்கரத்துக்கும் தொடர்பே இல்லை. சில ஃபோர் வீல் வண்டிகளில் ஹேண்ட் பிரேக்கே சக்கரத்தில் இல்லாமல் ட்ரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்கத்தில், ஷாஃப்டின்மேல் இருக்கும். அதிலும் இதே கதை. ஆக, தரையில் இருக்கும் எல்லாச் சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கட்டை. கல் அல்ல, ஆப்புபோலச் சீவிய கட்டை. ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் போகக் கூடாது.

அதிர்வு எங்கிருந்து?

சஸ்பென்ஷன் உயர்த்திய வண்டி என்றாலே அதிர்வுக்கு ஜாயிண்ட் கோணத்தைக் குற்றம் சாட்டுவது வழக்கம். இந்த வண்டியிலும் பினியன் கோணத்தை மாற்ற ஆப்புத் தகடு வாங்கி வைத்தாகிவிட்டது. அதற்குமுன் அதிர்வை எண்ணிப் பார்த்திருக்கலாம்.

டயரின் சுற்றளவு 2.43 மீட்டர், ஆக்சில் விகிதம் 4.1 (சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு ஷாஃப்ட் 4.1 சுற்று). மணிக்கு 70 கி.மீ. என்றால் நொடிக்கு 19.4 மீட்டர். சக்கரம் நொடிக்கு 8 சுற்று. ஷாஃப்ட் 33 சுற்று. டயர் பேலன்ஸ் குறை என்றால் அதிர்வு 8 ஹெர்ட்ஸில் வரும். ஷாஃப்ட் மையம் தப்பியிருந்தால் அல்லது பேலன்ஸ் போயிருந்தால் 33-இல் வரும். கோணத்தால் வருவது ஷாஃப்டின் ஒரு சுற்றுக்கு இரண்டுமுறை, அதாவது 66. கைப்பேசியில் அதிர்வை அளக்கும் செயலிகள் இருக்கின்றன; சென்டர் கன்சோலில் படுக்கவைத்து, பக்கத்தில் ஒருவர் பார்க்க, சீரான வேகத்தில் ஒரு கி.மீ. ஓட்டினால் போதும். எண் 33-ஐ ஒட்டியே நின்றது. கோணம் அல்ல, ஷாஃப்ட் தன் மையத்தில் சுற்றவில்லை. ஆப்புத் தகடு பெட்டியிலேயே இருந்தது.

அடியில் போய்த் துடைத்துப் பார்த்ததும், பினியன் பக்கக் கிராஸின் ஒரு கப்பில் மட்டும் செம்பொடி. ஷாஃப்டைப் பிடித்து வெறுமனே திருப்பினால் ‘டக் டக்’ என்று ஆடத்தான் செய்யும். அது டிஃபரன்ஷியலின் பல் இடைவெளி, அதைக் கிராஸின் ஆட்டமாக எண்ணிவிடக் கூடாது. சரியான முறை: யோக்குக்கும் கிராஸுக்கும் நடுவே தடித்த ஸ்க்ரூ டிரைவரை நுழைத்து மெல்ல நெம்பி, கப்பின் விளிம்பைப் பார்ப்பது. கை கப்புக்குள் அசைவது கண்ணுக்குத் தெரிந்தாலே கிராஸ் போய்விட்டது. இங்கே தெரிந்தது.

உரிமையாளர் இந்தக் கிராஸுக்கும் கிரீஸ் அடித்திருந்தார். மூன்று கப்பிலிருந்து புதுக் கிரீஸ் வழிந்திருந்தது. அதைப் பார்த்து ‘ஆச்சு’ என்று அடுத்ததற்குப் போய்விட்டார். நான்காவது கப்பிலிருந்து ஒன்றும் வரவில்லை. கிரீஸ் எளிதான வழியில்தான் போகும். ஒரு கப்பின் பாதையில் பழைய கிரீஸ் காய்ந்து கட்டிபோல அடைத்திருந்தால், மற்ற மூன்றின் வழியாக வழிந்துகொண்டே இருக்கும். நூறு தடவை அடித்தாலும் நான்காவதற்குப் போகாது.

கிரீஸ் அடிப்பதில் வெளியே நான்கு வாயிலிருந்தும் என்ன வந்தது, என்ன நிறத்தில் வந்தது என்பதுதான் சோதனை. உள்ளே எவ்வளவு போனது என்பதில் ஒன்றுமில்லை. முதலில் வரும் பழையது கறுப்பாக இருந்தால் பரவாயில்லை. பால் கலந்த காபி நிறம் என்றால் உள்ளே தண்ணீர் இருந்திருக்கிறது. அந்த நிறம் போய்ப் புதுக் கிரீஸின் நிறம் நான்கிலும் வரும்வரை அடிக்க வேண்டும். செந்நிறம், அல்லது விரலில் தேய்த்தால் மணல்போல நெருடுகிறது என்றால் கன்னைக் கீழே வைத்துவிட்டு ஸ்பேனரை எடுக்கலாம்.

ஒரு கப் மட்டும் அடம்பிடித்தால் உடனே கைவிட வேண்டாம். அந்தக் கப்பின் பக்கமிருந்து பாரத்தைக் குறைக்க ஷாஃப்டை எதிர்த்திசையில் நெம்பிப் பிடித்துக்கொண்டு இன்னொருவரை அடிக்கச் சொல்லலாம். ஷாஃப்டைக் கால் சுற்றுத் திருப்பி மறுபடி முயலலாம். கப்பைப் பட்டையோ போல்ட்டோ பிடித்திருக்கும் ரகம் என்றால் அதைச் சற்றே தளர்த்தி, வழிந்ததும் சரியான டார்க்கில் (இறுக்கும் விசையளவில்) இறுக்கலாம். இவ்வளவுக்கும் மசியாவிட்டால் கிராஸை மாற்ற வேண்டும். இங்கே மசியவில்லை.

கிராஸ் மாற்றம்

கழற்றும் முன் ஷாஃப்ட், ஃபிளாஞ்ச், ஸ்லிப்பின் இரு பகுதிகள் எல்லாவற்றிலும் பெயின்ட்டால் ஒரே நேர்கோடு. ஸ்லிப்பை ஒரு பல் தள்ளி மாட்டினாலும் இரு முனை யோக்குகளின் இசைவு போய்விடும்; புதுக் கிராஸோடு புது அதிர்வும் வரும். ‘இரண்டு யோக்கும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும்’ என்பது பொதுவிதிதான், ஆனால் சில வண்டிகளின் முன் ஷாஃப்டைத் தொழிற்சாலையிலேயே வேண்டுமென்று 90 டிகிரி தள்ளி அமைத்திருப்பார்கள். அதைத் ‘திருத்தி’ மாட்டிவிட்டுத் திண்டாடுபவர்கள் உண்டு. விதியைவிடப் பெயின்ட் கோட்டை நம்புவது நல்லது.

கப்பைப் பிடித்திருக்கும் சர்க்ளிப் வளையத்தை எடுத்து, வைஸில் ஒரு பக்கம் கப் நுழையும் அளவு பெரிய சாக்கெட்டும் மறுபக்கம் கப்பைத் தள்ளும் அளவு சின்ன சாக்கெட்டும் வைத்து அழுத்தினால் கப் வெளியே வரும். அடம்பிடித்த கப்பின் ஊசிகளில் பாதி துருவோடு ஒட்டியிருந்தன. கிராஸின் கையில் நகத்தால் தடவினாலே தெரியும் அளவுக்குக் கோடுகள். உள்ளே கிரீஸ் போகும் ஓட்டையின் வாயில் கெட்டியான கறுப்பு அடைப்பு.

புதிய கப்பை மாட்டும்போது தவறு நடப்பது ஓரிடத்தில்தான். ஊசி ஒன்று சரிந்து கப்பின் அடியில் படுத்துவிடும். கப் கடைசி 2 அல்லது 3 மி.மீ. உள்ளே போகாது, சர்க்ளிப் பள்ளத்தில் உட்காராது. பலர் அங்கேதான் சுத்தியலை எடுக்கிறார்கள். நின்று, கழற்றி, ஊசிகளை கிரீஸால் சுவரோடு ஒட்டி நிறுத்தி, கிராஸின் கை இரு கப்புக்குள்ளும் ஒரே நேரத்தில் பாதிப்பாதி நுழைந்திருக்கும்படி பிடித்துக்கொண்டு அழுத்த வேண்டும். நிப்பிள் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை மாட்டும் முன்பே முடிவுசெய்ய வேண்டும்: வண்டியில் ஏற்றிய பிறகு கப்ளர் எட்டும் பக்கம். எல்லாம் முடிந்து ஜாயிண்ட் இறுக்கமாக இருந்தால், யோக்கின் காதில் மென்மையான சுத்தியலால் ஒரு தட்டு. கப் சற்று வெளியே நகர்ந்து சர்க்ளிப்போடு படியும், ஜாயிண்ட் இரு திசையிலும் தடையின்றி ஆடும். கடையில் வாங்கும் புதுக் கிராஸில் இருக்கும் கிரீஸ் பெரும்பாலும் துருப்பிடிக்காமல் காக்கும் அளவுக்குத்தான். மாட்டியதும் நான்கு வாயிலும் வழியும்வரை அடிக்க வேண்டும்.

ஃபிளாஞ்ச் போல்ட்டுகளின் டார்க் அந்தந்த வண்டியின் மேனுவலில் இருப்பதே. நைலான் பூட்டு நட்டுகள் புதிதாகப் போடப்பட்டன.

கீச் சத்தம்

பின்பக்கம் முடிந்தது. கீச் சத்தம் முன் ஷாஃப்டுடையதுதானா என்று அறிய ஊகம் வேண்டாம்: முன் ஷாஃப்டைக் கழற்றி வைத்துவிட்டுப் பின்சக்கர ஓட்டத்தில் ஒரு சுற்று போய்வந்தால் போதும். சத்தம் இல்லை. ஃப்ரீ வீல் ஹப் இல்லாத வண்டி என்பதால்தான் பின்சக்கர ஓட்டத்திலும் முன் ஷாஃப்ட் பாடிக்கொண்டிருந்தது.

ஷாஃப்ட் வெளியே இருந்ததால் டபுள் கார்டன் ஜாயிண்டை மேசையில் வைத்தே பார்க்க முடிந்தது. விடுபட்ட கிராஸில் அடித்ததும் நான்கு கப்பிலிருந்தும் காபி நிறக் கிரீஸ். செம்மை இல்லை, நெருடலும் இல்லை. புதுநிறம் வர 12 அழுத்தம் பிடித்தது. நடு உருண்டைக்கு ஊசிமுனை அடாப்டரை நேராக அழுத்திப் பிடித்து மெதுவாக 4 அழுத்தம். இங்கே அவசரப்பட்டால் கிரீஸ் உள்ளே போவதற்குப் பதில் அடாப்டரைச் சுற்றியே பீறிடும். உருண்டையின் இருக்கை சற்றுத் தேய்ந்திருந்தாலும் கையால் ஆட்டினால் ஆடவில்லை. தண்ணீரில் இறங்கிய அன்றே கிரீஸ் அடித்திருந்தால் இந்த ஜாயிண்ட் சத்தமே போட்டிருக்காது. இன்னும் இரண்டு மாதம் விட்டிருந்தால் பின்பக்கத்துக் கிராஸின் கதிதான்.

எந்தக் கிரீஸ், எவ்வளவு

கிராஸுக்கு என்.எல்.ஜி.ஐ. 2 தரத்தில் (கிரீஸின் கெட்டித்தன்மையைக் குறிக்கும் எண் அது) லித்தியம் அல்லது லித்தியம் காம்ப்ளெக்ஸ் கிரீஸ், அதிக அழுத்தம் தாங்கும் சேர்மானத்தோடு. ஸ்லிப் யோக்கின் ஸ்ப்ளைன் வேறு: அது உருள்வதில்லை, உரசிச் சறுக்குகிறது. அங்கே மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்த கரும்சாம்பல் கிரீஸ் நன்றாக வேலை செய்யும். டபுள் கார்டன் ஜாயிண்டுக்கும் மாலி கிரீஸையே கேட்கும் மேனுவல்கள் உண்டு. ஆக இரண்டு கன் வைத்துக்கொள்வது வசதி. ஒரே கன்தான் என்றால் மேனுவல் தடுக்காதவரை மாலி கலந்த என்.எல்.ஜி.ஐ. 2 எல்லா இடத்துக்கும் போதும். ஊசி பேரிங்குக்கு மாலி தேவையில்லை என்பதற்காக அது கெடுதல் என்று ஆகிவிடாது.

நிறம் பார்த்துக் கிரீஸ் வாங்கக் கூடாது. சிவப்பும் நீலமும் வெறும் சாயம். பார்க்க வேண்டியது கெட்டிப்படுத்தும் பொருள்: பாலியூரியா, களிமண் வகைக் கிரீஸ்கள் லித்தியத்தோடு சேர்ந்தால் நீர்த்து ஓடிவிடக்கூடும். உள்ளே இருப்பது என்ன வகை என்று தெரியாத வண்டியில், கலப்படம் வெளியேறும்படி தாராளமாக அடித்துப் பழையதைத் தள்ளிவிட வேண்டும். அது கிராஸுக்கு. ஸ்லிப்புக்கு அல்ல.

நெம்புகோல் கன் ஓர் அழுத்தத்துக்கு ஏறத்தாழ 1 கிராம் தள்ளும். கன்னுக்குக் கன் வேறுபடும் என்பதால், காகிதத்தில் 10 அழுத்தம் அடித்துச் சமையல் தராசில் நிறுத்துப் பார்த்துவிடலாம். வழக்கமான பராமரிப்பில் ஒரு கிராஸுக்கு 5-லிருந்து 10 அழுத்தத்துக்குள் நான்கு வாயும் வழிந்துவிடும். ஸ்லிப்புக்கு, ஷாஃப்ட் ஓடும் நீளத்தில் இருக்கும்போது, 3 அல்லது 4 போதும். ஸ்லிப் யோக்கை விரலால் தொட்டுக்கொண்டு அடித்தால், ஷாஃப்ட் நீள முயலும் முதல் அசைவு தெரியும். அதற்குமேல் ஒரு அழுத்தம்கூட வேண்டாம். அடிமூடியில் சின்ன மூச்சுத்துளை உள்ள ஸ்லிப்புகளுக்கு மட்டும் விதிவிலக்கு: துளையில் கிரீஸ் வரும்வரை அடித்து, துளையை விரலால் அடைத்துக்கொண்டு சீல் பக்கம் எட்டிப்பார்க்கும்வரை தொடரலாம். அதிகமானது பின்னர் அந்தத் துளை வழியே வெளியேறிக்கொள்ளும்.

நிப்பிளைத் துடைக்காமல் கப்ளரை மாட்டினால் அதன்மேல் இருக்கும் மண்தான் முதலில் ஊசிகளுக்குள் போகும். கம்பித் தூரிகை, துணி, பிறகு கன். நெம்புகோல் பாறைபோல நின்றால் நிப்பிளின் பந்து சிக்கியிருக்கும், அல்லது பாதை அடைந்திருக்கும்; நிப்பிளைக் கழற்றி அதன் வழியே கன்னால் அடித்துப் பார்த்தால் எது என்று உடனே தெரியும். முடிந்தபின் கப்ளரை நேராக இழுக்காமல் சாய்த்து எடுத்தால் பூட்டிய அழுத்தம் விட்டுவிடும். குழாயில் ஊசித்துளை விழுந்த கன்னைக் கையால் பொத்திக்கொண்டு அடிக்கவே கூடாது. அந்த அழுத்தத்தில் கிரீஸ் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் கொசுக்கடிபோலத் தெரிந்தாலும் அன்றே அறுவை சிகிச்சை தேவைப்படும் விபத்து அது.

வழிந்ததைத் துடைத்துவிட வேண்டும். விட்டால் ஷாஃப்ட் சுற்றும்போது தரைத்தகடு முழுக்கத் தெறிக்கும், மிச்சத்தில் மண் ஒட்டி சீலை அரிக்கும். பிரஷர் வாஷரின் முனையைக் கப்பின் சீலுக்கு நேராகக் காட்டுவதும் ஆற்றில் இறக்குவதும் ஒன்றுதான்.

இடைவெளியைப் பொறுத்தவரை, தார்ச்சாலையில் மட்டும் ஓடும் வண்டிக்கு ஒவ்வோர் எஞ்சின் ஆயில் மாற்றத்தின்போதும். சேறும் மணலும் என்றால் 5,000 கி.மீ.க்கு ஒருமுறை. ஆக்சில் முழுகினால் கி.மீ. கணக்கே கிடையாது, மறுநாளைக்குள்.

500 கி.மீ. கழித்து

‘தட்’ சத்தமும் அதிர்வும் இல்லை. செயலியில் 33 ஹெர்ட்ஸ் மேடு படுத்துவிட்டது. கீச் சத்தம் முதல் 50 கி.மீ.க்குள் போய்விட்டது. புதுக் கிராஸில் ஆட்டமில்லை, ஃபிளாஞ்ச் நட்டுகள் டார்க்கில் நின்றன. விடுபட்டிருந்த முன் கிராஸில் மறுபடி 3 அழுத்தம் அடித்தபோது நான்கு வாயிலும் புதுக் கிரீஸின் நிறமே வந்தது. பினியன் ஆயில் சீலின் கீழ்ப்பாதியில் மட்டும் மெல்லிய எண்ணெய் வியர்வை. அது ஸ்லிப் முட்டித் தள்ளிய நாட்களின் மிச்சமா, முன்பே இருந்ததா என்று சொல்ல முடியாது. துடைத்துவிட்டு, ஆக்சில் ஆயில் மட்டத்தைச் சரிபார்த்து, அடுத்த 1,000 கி.மீ.யில் மறுபடி பார்க்கவேண்டும் என்று குறித்துவைக்கப்பட்டது.